பட்டியல் தந்தவரும் பூட்டி வைத்தவரும்

ஆண்டு மலர் வெளிவரும் காலமெல்லாம் நம் சங்கத்தில் ஒரு வழக்கு எழுகிறது. 'படிக்க வேண்டிய நூல்கள்' என்றொரு பகுதி வேண்டுமென இளைஞர்கள் கேட்கின்றனர். மூத்த அன்பர்கள் மறுக்கின்றனர். இளைஞர் கையில் இருப்பவை, எழுத்தாளராகவும் கணிப்பொறித் துறையினராகவும் விளங்குவோர் தமக்குப் பிடித்தவை எனக் கூறிய நூல்களின் பட்டியல்கள். மூத்தோரின் மறுப்போ ஒரே வாக்கியத்தில் அடங்குவது: "இயந்திரம் செய்பவனுக்கு இலக்கியத்தில் என்ன வேலை? இன்னது படி என்று சொல்லப் புலவர் இருக்கிறார்." இக்கூற்றை நாம் மறுக்கிறோம். அதற்காக இளைஞர் பக்கம் முழுதும் சேர்ந்துவிடவும் இல்லை என்பதை முன்னரே சொல்லிவிடுதல் நேர்மை.

பொறியாளர் ஒருவர் தமிழருக்கு நூல்களை எடுத்துச் சொன்ன வரலாறு புதியதன்று. சுஜாதா என்ற பெயரில் எழுதிய ரங்கராஜன், சென்னை குரோம்பேட்டையில் மின்னணுவியல் பயின்றவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு கொண்டவர். அவர் 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தில் 1965 முதல் 1998 வரை எழுதிய பத்திகளில் எத்தனை நூல்கள், எத்தனை கவிஞர்கள் அறிமுகமாயினர்! கணையாழி என்னும் அத்திங்களிதழே டெல்லியில் பிறந்தது என்பதையும், சுஜாதா தம் எழுத்து வாழ்வில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கழித்தவர் என்பதையும் நம் அன்பர்கள் மறந்துவிடுகின்றனர். அவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்த ஊரில் தமிழ் படித்தவரே. 2008 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, அவர் சொல்லித்தான் முதன்முதலில் ஒரு கவிதை நூலை வாங்கினோம் என்று கூறியோர் பலர். எந்தப் புலவருக்கு இப்பேறு வாய்த்தது?

"பழந்தமிழ் நூல்களை விட்டுவிட்டுப் புதியனவற்றையே புகழ்வார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. புறநானூற்றுக்கும் குறுந்தொகைக்கும் ஆழ்வார் பாசுரங்களுக்கும் எளிய அறிமுகங்கள் எழுதியவரும், குறளுக்குப் புதிய உரை கண்டவரும் அதே பொறியாளர்தாம். சுருக்கிச் சொன்னதில் நயம் சில இடங்களில் நழுவியிருக்கலாம். அதனைக் கற்றோர் சுட்டட்டும், நாமும் ஒப்புவோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்துத் தந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. சித்தூரில் வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளை அதனுள் நுழைவதற்கு நம் புலவர்கள் இட்டுத் தந்த படி எது? துறை இன்னது, திணை இன்னது, இலக்கணக் குறிப்பு இன்னது என்று வாயிலிலேயே மூன்று காவலரை நிறுத்தி வைத்தோம். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பிள்ளை அக்காவலரைக் கண்டு திரும்பிப் போனதில் வியப்பென்ன?

படி என்றதும் திருமலையின் குலசேகரப் படி நினைவுக்கு வருகிறது. வேங்கடத்தான் சன்னதியில் ஒரு படியாகக் கிடக்கும் பேறாவது வேண்டுமென்று தமிழில் வேண்டியவர் குலசேகர ஆழ்வார். கருவறை வாயிற்படி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாறாக அங்கே திருப்பாவை ஒலிக்கிறது. கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாக வைத்ததும் இம்மலையைத்தான். இவை யாவும் நம் மேடைகளில் தவறாமல் முழங்கப்படுகின்றன. முழங்கிய அன்பரின் பேரனைக் கூப்பிட்டுத் தேவஸ்தானம் வெளியிடும் 'சப்தகிரி'யின் தமிழ்ப் பதிப்பைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை பேசுகிறான், 'ழ'கரத்தைக்கூடப் பிழையின்றி ஒலிக்கிறான், எழுத்தைக் காட்டினால் விழிக்கிறான். கல்லில் உள்ள தமிழுக்காகப் பெருமை கொள்ளும் நாம், தாளில் உள்ள தமிழைப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். மூத்தோர் பட்டியலை மறுப்பதற்குச் செலவிடும் சினத்தில் பாதியை இதன்மேல் செலவிட்டிருக்கலாம்.

இனி இளைஞரிடம் வருவோம். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறோம். நூற்றைம்பது கிலோமீட்டர் பெரிய தொலைவா? இரண்டு பை நிறைய நூல்களுடன் சப்தகிரி விரைவு வண்டியில் திரும்புகிறோம். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்குகிறோம். பூட்டுகிறோம். விருந்தினர் வந்தால் அலமாரிக்கு எதிரே உள்ள நாற்காலியில் அமர்த்துகிறோம். அடுத்த சனவரியில் புதிய பட்டியல், புதிய பை. இவ்வலமாரிகளைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். நம் வீட்டிலும் ஒன்று உண்டு. வாங்கியவற்றில் முழுதும் படித்தவை எத்தனை என்று யாரும் நம்மைக் கேட்காதிருப்பது நல்லது.

பட்டியல் தந்தவர்மீது இதில் பிழையில்லை. தமக்குப் பிடித்ததைச் சொன்னார். ஏன் பிடித்தது என்றும் சொன்னார். நாம் நூற்பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஏன்' என்பதை விட்டுவிட்டோம். நா. முத்துக்குமார் பெரிதாய் அறியப்படாதிருந்த நாளில், அவருடைய 'தூர்' என்னும் கவிதையைச் சுஜாதா மேடையில் எடுத்துரைத்ததைப் பலரும் நினைவுகூர்வர். அக்கவிதை பரவியது, பெரியவர் ஒருவர் பெயரைச் சொன்னதனால் மட்டுமன்று. கவிதையையே வாய்விட்டுச் சொன்னதனால். நம் வீடுகளில் வாய்விட்டுப் படிப்பவர் யார்?

இன்னொரு குறையும் உண்டு. இதனையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். சென்னையிலோ பெங்களூரிலோ அமர்ந்து பட்டியல் எழுதுவோர், பேருந்துப் பலகையைத் தெலுங்கில் படித்துவிட்டு வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை மனத்திற் கொள்வதில்லை. அவர்கள் ஏன் கொள்ள வேண்டும்? அது நம் பணி. பணி நிமித்தம் வந்த நாமும், எல்லைகள் வகுக்கப்படுமுன்பே தலைமுறைகளாய் இங்கு வாழ்வோரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை எடுத்துக்கொள்வோம். அவரும் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து, இருபது வயதைக் கடந்த பின்னரே சென்னைக்கு வந்தவர். நிஜாம் ஆட்சியின் இறுதி நாட்களில் அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவனின் கதை அது. கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், சுற்றிலும் பிற மொழிகள், பிற சமயத்து அண்டை வீட்டார், 1948இல் இந்தியப் படை நுழைவதற்கு முன்னும் பின்னும் நகரம் அவன் கண்முன் மாறுகிறது. 'இது நம் ஊர்தானா?' என்னும் ஐயம் அவனுக்குள் எப்போதும் இருக்கிறது. அவ்வையம் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. சொல்லத்தான் அவர்களுக்குச் சொற்கள் இல்லை. இந்நூலை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவோம்?

அதற்கு நேர் மறுதிசையில் நிற்பது 1976இல் வந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சித் தெற்கே ஓடி வந்த குடிகள் கரிசல் காட்டைத் திருத்தி ஊர் அமைத்த வரலாற்றை, மங்கத்தாயாரு என்னும் மூதாட்டியின் நினைவின் வழியே சொல்லும் நூல். வீட்டில் தெலுங்கு பேசிய குடியிற் பிறந்தவர் கி.ரா.; கரிசல் தமிழுக்கு அகராதியே தொகுத்தார்; 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். வேற்று மண்ணுக்கு வந்தவர் தம் மொழியையும் காத்து வந்த மண்ணின் மொழிக்கும் வளம் சேர்க்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வந்தேறிகள் என்று நம்மை யாரேனும் சொல்லும்போது கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட, இந்நூலை ஒருமுறை உரக்கப் படிப்பது நமக்கு நல்லது.

மூன்றாவதாக ஒரு நூலைச் சொல்கிறோம். சினம் வரும் என்பதை அறிந்தே சொல்கிறோம். அது தெலுங்கு நாவல். நம் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த கேசவ ரெட்டி எழுதியது, ஏ.ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் 'அவன் காட்டை வென்றான்' எனத் தமிழில் கிடைக்கிறது. பன்றி மேய்க்கும் முதியவர் ஒருவர், பிரிந்துபோன பெண் பன்றியைத் தேடி இரவில் காட்டுக்குள் செல்கிறார். ஓர் இரவு, ஒரு மனிதர், ஒரு விலங்கு. அவ்வளவே கதை. கேசவ ரெட்டி மருத்துவர், நிஜாமாபாத் பக்கத்தில் தொழுநோயாளரிடையே பணியாற்றியவர், 2015இல் காலமானார். ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்ந்தும் பிறந்த மண்ணையே எழுதிய இம்மருத்துவரிடம், "ஊசி போடுபவனுக்கு இலக்கியத்தில் என்ன வேலை?" என்று நம் அன்பர்கள் கேட்பார்களா?

தமிழ்ச் சங்க மலரில் தெலுங்கு நாவலைப் புகழ்வது துரோகம் என்பர் சிலர். ம.பொ.சி. முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தையும், 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுடன் இணைந்ததையும், சித்தூரும் திருப்பதியும் இப்பக்கமே நின்றுவிட்டதையும் எடுத்துக்காட்டுவர். அப்போராட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் எல்லைக்கோடு ஆவணத்தில் விழுந்தது. கூடைக்காரி எந்தப் பக்கத்துக் காய்க்கும் இரு மொழியிலும் விலை சொல்கிறாள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் அவள் கூடையை மாற்றிக்கொள்ளவில்லை. சித்தூர்க் காட்டைப் பற்றிய நாவலைச் சித்தூர்ப் பிள்ளை தமிழில் படிப்பதால் தமிழுக்கு நேரும் இழப்பு என்ன? இரவெல்லாம் அந்த முதியவர் பின்னே நடந்துவிட்டால், அவன் தமிழ் எழுத்தில் நூறு பக்கத்திற்கு மேல் படித்து முடித்திருப்பான். நம் மேடைப் பேச்சுகள் இதுவரை யாரையும் நூறு பக்கம் படிக்க வைத்ததில்லை.

ஆகவே அடுத்த மலரிலும் பட்டியல் வேண்டுமென்றே கேட்கிறோம். நம் பட்டியலாய், நாம் படித்ததன் பட்டியலாய் அது அமைய வேண்டும். ரேணிகுண்டா ரயில்வேக் குடியிருப்பில் வாழ்வோர், நகரியில் தறி ஓட்டுவோர், பெங்களூரில் மென்பொருள் எழுதிவிட்டு வார இறுதியில் சித்தூருக்குத் திரும்பும் நம் பிள்ளைகள் எனப் பத்துப் பேர் ஆளுக்கொரு நூலைச் சொல்லட்டும். எங்கே அமர்ந்து படித்தோம், யாருக்குப் படித்துக் காட்டினோம் என்று நாலு வரியும் எழுதட்டும். தமிழெழுத்து அறியாத பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்த முதல் நூலின் பெயரும் அதில் இடம்பெறட்டும். அது சிறுவர் படக்கதையாக இருந்தாலும் நாணம் வேண்டா. இதற்கெல்லாம் மலரில் இடமில்லை என்று பதிப்புக் குழுவினர் சொல்லக்கூடும். வாழ்த்துச் செய்திகளில் இரண்டைக் குறைத்தால் நான்கு பக்கம் கிடைக்கும்.