அடித்தால்தான் மேளமா?

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று ஊரில் சொல்வார்கள். அதையே இசை இலக்கணமாக்கி ஒருவர் கட்டுரை எழுதுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டோம். எழுதிவிட்டார். காரணம் சின்னது. ராமநாதபுரத்தில் மெல்லிசைக் கச்சேரி ஒன்றில் டிரம்ஸ் வாசித்த பையன், நிதானமான பாட்டுகள் வந்தபோது ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தான். கட்டுரையாளருக்குப் பொறுக்கவில்லை. தமிழர் தாளத்துக்கே பங்கம் வந்துவிட்டதாகப் பொங்கியிருக்கிறார்.

அவர் வாதத்தைத் திரிக்காமல் சொல்லிவிடுகிறேன். தோல் அடிப்பதற்காகக் கட்டப்பட்டது, தடவுவது வாசிப்பாகாது. பிரஷ், மேல்நாட்டு ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவு வராமல் வாசிக்க வந்த சாதனம். தவிலும் பறையும் உறுமியும் முழங்கிய மண்ணில் அதற்கு இடமில்லை. கைவலு இல்லாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அது. மைக்கை எடுத்துவிட்டால் செத்துப்போகும் ஒலி. அலை இரையும் கடற்கரையில் யார் காதிலும் விழாது. ஆகவே டிரம்ஸ் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே கூடாது. நான்கு குற்றச்சாட்டு, ஒரு தீர்ப்பு. நான்கில் ஒன்றுகூட நிற்கவில்லை.

உறுமியிலிருந்து தொடங்குவோம். இடிமுழக்கத்துக்குச் சாட்சியாக அவரே கூட்டிவந்த வாத்தியம் அது. மாசிக் களரித் திருவிழாவில் பந்தல் நாற்காலியை விட்டு எழுந்து மேளக்காரர்கள் பக்கத்தில் போய் நின்றவர்களுக்குத் தெரியும்: உறுமியின் ஒரு முகத்தில்தான் குச்சியடி விழுகிறது. மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். அடிவயிற்றைப் பிசையும் அந்த முனகல் ஒலி தேய்ப்பில்தான் பிறக்கிறது. தேய்ப்பை எடுத்துவிட்டால் உறுமி வெறும் இன்னொரு கொட்டு. சாமியாடியின் உடம்பில் நடுக்கத்தை ஏற்றுகிற ஒலியைத்தான் கட்டுரையாளர் வாசிப்பே இல்லை என்று தள்ளிவிட்டார். தள்ளிய கையோடு, அடுத்த வரியில் அதே வாத்தியத்தைத் தன் கட்சியில் சேர்த்தும் கொண்டார்.

இது வெறும் தகவல் பிழை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மண்ணின் மேளம் என்று மார்தட்டுகிறவர், அந்த மேளத்தைக் கழுத்தில் சுமப்பவரின் கைகள் என்ன செய்கின்றன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. திருவிழாவில் அந்த மேளக்காரரை எங்கே நிறுத்துகிறோம், எங்கே உட்காரவைத்துச் சோறு போடுகிறோம் என்ற கேள்விகளும் இதோடு சேர்ந்தவை. வாத்தியத்தின் பெயரை எடுத்துக்கொண்டு வாசிக்கிற ஆளை விட்டுவிடுகிற பெருமிதம் இது. அதற்கு மண்பற்று என்று பெயர் வைக்க வேண்டாம்.

சரி, தோலை எதற்குத் தேய்க்க வேண்டும்? கட்டுரையாளர் கேட்காமல் விட்ட ஒரே உருப்படியான கேள்வி இதுதான். அடித்த ஒலி அடித்த கணத்திலேயே தேயத் தொடங்கும். குரலுக்கும் வயலினுக்கும் நாகஸ்வரத்துக்கும் கார்வை உண்டு; ஒரு சுரத்தில் நின்று நீள முடியும். குச்சியடிக்கு அந்த வசதி இல்லை. வேகமான பாட்டில் இது குறையாகத் தெரியாது. ஓர் அடியின் ஒலி ஓய்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும். நிதானமான பாட்டில் இரண்டு தட்டுக்கு நடுவே பெரிய இடைவெளி திறக்கிறது. அதை உருட்டலால் நிரப்பினால் பாடுகிறவரின் குரலை மிதிக்க வேண்டிவரும். நிரப்பாமல் விட்டால் பாட்டின் நூல் அறுந்துபோகும். தேய்ப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. அது தோலுக்குக் கார்வை தருகிறது.

பிரஷ் வாசிப்பவரின் கைகளைக் கவனியுங்கள். இடது கை ஸ்னேர் டிரம்மின் மேல் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். கம்பிகள் தோலை விட்டு எழும்புவதில்லை. வட்டத்தின் ஓரிடத்தில் மணிக்கட்டு சற்றே அழுந்தும். அந்த அழுத்தம்தான் தட்டு. வலது கை, ஓடுகிற வட்டத்தின் குறுக்கே புகுந்து சிறு தட்டல்களால் நடையைச் சொல்லும். இரண்டு கையும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே தோலில் பாதை பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பிகளை விசிறியாக எவ்வளவு விரிப்பது, தட்டையாகப் படுக்கவைப்பதா நுனியால் தொடுவதா, வட்டத்தை ஒரு தட்டுக்கு முடிப்பதா இரண்டு தட்டுக்கு நீட்டுவதா, இவ்வளவும் வாசிப்பவர் கணத்துக்குக் கணம் எடுக்கிற முடிவுகள். தோலும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும், ஒலி எழாது. கன்றுத் தோல் போர்த்திய காலத்தில் தோலின் சொரசொரப்பே போதுமானதாக இருந்தது. 1957-ல் ரீமோ பெல்லி பிளாஸ்டிக் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு பூசிய தோல்தான் பிரஷ்ஷுக்கு உகந்ததாயிற்று.

கைவலு இல்லாதவர்களின் புகலிடம் என்கிறாரே, அதற்கு வருகிறேன். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் 1950-களில் வாசித்த ஃபில்லி ஜோ ஜோன்ஸை யாரும் பலவீனமான கை என்று சொன்னதில்லை. ஸ்டிக்கில் அத்தனை மூர்க்கமான மனிதர் அவர். அவரேதான் பிரஷ் வாசிப்புக்கென்று புத்தகமும் எழுதினார். ஆஸ்கர் பீட்டர்சன் மூவர் குழுவில் 1959 முதல் 1965 வரை வாசித்த எட் திக்பென்னும் எழுதினார். ஒளிந்துகொள்கிற இடத்துக்கு யாரும் பாடநூல் எழுதுவதில்லை.

உண்மை நேர்மாறானது. ஓங்கி அடிப்பவரின் பிழை சத்தத்தில் மறையும். நிமிடத்துக்கு 60 தட்டு, அதாவது ஒரு நொடிக்கு ஒன்று என்ற காலத்தில் பிரஷ் வட்டம் போடுகிறவருக்கு மறைப்பு ஏதும் கிடையாது. வட்டம் ஒரு மயிரிழை முந்தினாலும் பாடகரின் மூச்சு தடுக்கும், கூடத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். சௌக்க காலக் கீர்த்தனைக்கு வாசித்த எந்த மிருதங்கக்காரரையும் கேளுங்கள். தனி ஆவர்த்தனத்துக்குக் கைதட்டு வாங்குவதைவிடப் பாட்டுக்கு அடக்கி வாசிப்பது கடினம் என்பார்.

மிருதங்கம் என்றதும் ராமநாதபுரத்தின் பெயர் தானாக முன்வர வேண்டும். கட்டுரை முழுக்கத் தேடினேன், வரவில்லை. பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, ராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி என்று மூவரைச் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகள் என்பது சங்கீத உலகத்தின் வழக்கம். மூன்றாமவர் 1914-ல் பிறந்து 1998-ல் மறைந்த நம் ஊர்க்காரர். தந்தை சித்சபை சேர்வையும் மிருதங்கக்காரர், அண்ணன் சி. எஸ். சங்கரசிவம் மதுரை டி. என். சேஷகோபாலனுக்குக் குரு. முருகபூபதியை ரசிகர்கள் கொண்டாடியது சுநாதத்துக்காக, சொல் ஒவ்வொன்றும் தெளிந்து விழும் வாசிப்புக்காக. எத்தனை பேரைத் திடுக்கிடவைத்தார் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. மண்ணின் தாளம் என்று பேச வந்தவருக்கு மண்ணிலேயே பிறந்த மேதை நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் வாதம் அங்கேயே நின்றுபோயிருக்கும்.

மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் கும்கி எழுப்பும் கையைப் பார்த்தால் வாதத்தின் மிச்சமும் போய்விடும். தொப்பியில் தட்டிய இடது கை விலகுவதில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்திக்கொண்டே நகர்கிறது, ஒலி வளைந்து மேலேறுகிறது. தோலைத் தடவாமல் கும்கி இல்லை. கும்கி இல்லாமல் மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குப் பேச்சே இல்லை. வலது முகமான வலந்தலையிலும் ஒரு சங்கதி உண்டு. குச்சி மிருதங்கத்தில் தோல்களுக்கு இடையே சின்னஞ்சிறு குச்சித் துண்டுகளைச் செருகுகிறார்கள். ஒலியில் லேசான இரைச்சல் சேர்ந்து ஜீவன் பிறக்கிறது. ஸ்னேரின் அடித்தோலில் ஒட்டி ஓடும் கம்பிகள் செய்வதும் அதையேதான். உறுமிக்காரர், மிருதங்கக்காரர், ஜாஸ் டிரம்மர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்கவில்லை. அடி தராத ஒன்றைத் தேடி, அவரவர் தோலில் அவரவர் கண்டடைந்தார்கள்.

மேல்நாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டுக்கு நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். பிரஷ்ஷின் பூர்வீகம் ஓட்டலைவிட மட்டமானது. அமெரிக்காவில் லூயி அல்லிஸ், அடால்ஃப் வீன்ஸ் என்ற இருவர் 1912-ல் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். கைப்பிடிக்குள் இழுத்து மடக்கிவிடக்கூடிய கம்பிக் கற்றை அது. எதற்காக என்றால், ஈ அடிப்பதற்காக. டிரம்மர்கள் அதைக் கையிலெடுத்துத் தோலில் ஓட்டிப் பார்த்தார்கள். கேலி செய்ய இவ்வளவு நல்ல விஷயம் இருக்க, கட்டுரையாளர் அதையும் தவறவிட்டிருக்கிறார். பிறந்த இடத்தை வைத்துத்தான் வாத்தியத்துக்கு வீட்டுக்குள் அனுமதி என்றால், வயலினை என்ன செய்வது? ஹார்மோனியத்தையும் கிளாரினெட்டையும் எந்த வாசல் வழியாக வெளியே அனுப்புவது? அந்தப் பையன் உட்கார்ந்து வாசித்த டிரம்ஸ் செட் முழுவதுமே அக்கரையிலிருந்து வந்ததுதானே. அதை ஸ்டிக்கால் அடித்தால் தமிழ், பிரஷ்ஷால் தேய்த்தால் அந்நியம் என்பது எந்த ஊர் நியாயம்?

மைக் வாதம் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. மின்சார ஒலிவாங்கி வழியாக இசைத்தட்டுப் பதிவு 1925-ல்தான் தொடங்கியது. ஈ அடிக்கும் கம்பிக்குக் காப்புரிமை கேட்டது அதற்குப் பதிமூன்று ஆண்டுகள் முன்பு. இங்கும் பார்க்கலாம். ராமநாதபுரம் சமஸ்தான வித்வான் பூச்சி சீனிவாச ஐயங்கார் 1919-ல் மறைந்தார். அவர் பாடிய சபைகளில் ஒலிபெருக்கி கிடையாது. பக்கவாத்தியம் அடங்கி ஒலித்ததால்தான் பாட்டு கேட்டது. பிற்காலத்தில் மைக் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர் யார்? சாட்சாத் பாலக்காடு மணி ஐயர். மைக் இல்லாவிட்டால் மெல்லிய வாசிப்பு செத்துவிடும் என்ற கணக்குச் சரியென்றால், மைக்குக்காகப் போராடியிருக்க வேண்டியவர் அவர். அவரோ நாதத்தைக் காப்பாற்ற மைக்கைத்தான் வெளியே அனுப்பச் சொன்னார்.

அலை இரையும் கடற்கரை என்ற வரியைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எந்தக் கடல்? ராமேசுவரம் தீவில் இரண்டு கடல் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல்; வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். இது தீவுக்காரர்கள் அன்றாடம் புழங்கும் பேச்சு. பெண்கடல் பக்கத்து அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டவர்களுக்கு, ஆண்டின் பெரும்பகுதி அந்தத் தண்ணீர் குளம்போலக் கிடப்பது தெரியும். கோயிலுக்குள் வந்தால் இன்னொரு பாடம் இருக்கிறது. 1212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிரகாரத்தில் கல்லில் பட்ட ஒலி திரும்பத் திரும்ப வரும். அங்கே இடைவிடாமல் ஓங்கி அடித்தால் அடி மேல் அடி ஏறிச் சொல் குழம்பும். இடம் பெரிது என்றால் சத்தமும் பெரிதாக வேண்டும் என்பது, எந்த இடத்திலும் நின்று கேட்டுப் பார்க்காதவரின் முடிவு.

தவிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது முழங்கும் வாத்தியம், மறுக்கவில்லை. தேருக்கு முன்னால் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் பைத்தியக்காரன். சாமி புறப்பாட்டுக்கும் முளைப்பாரி ஊர்வலத்துக்கும் ஓங்கிய கொட்டுதான் வேண்டும். ஆனால் தவிலுக்கு அந்த ஒரு குரல்தான் என்று எண்ணுவது அதற்கும் அவமானம். பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் குன்றக்குடியிலிருந்து வந்த வைத்தியநாதன், தன் வயலினுக்குப் பக்கத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை உட்காரவைத்து ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். நான்கு தந்திக்கு இணையாகத் தவில் இறங்கி வந்து பேசியதை ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். பூவரசங்கழி பிடித்த கைக்கும் விரல்களில் கூடு மாட்டிய கைக்கும் அடக்கம் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

கடைசியாக அந்தத் தீர்ப்பு: சொல்லித்தரவே கூடாது. கட்டுரையில் ஆபத்தானது இது ஒன்றுதான், மற்றவை அறியாமை. ஏற்கெனவே நம் மெல்லிசை மேடைகளில் ஒவ்வொரு பாட்டும் ஒரே உச்சத்தில் கத்துகிறது. ஒலிக்கலவை செய்கிறவர் டிரம்ஸை ஏற்ற, பாடகர் தொண்டையைக் கிழிக்க, கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசச் சைகைதான் வழி. இந்தச் சூழலில், பாட்டு தணியும்போது தானும் தணிய வேண்டும் என்று ஒரு பையனுக்குத் தோன்றியிருக்கிறது. அவன் பாடகியைக் கேட்டுக்கொண்டு வாசித்திருக்கிறான். பக்கவாத்தியத்தின் முதல் இலக்கணம் அதுதான். அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரியவர் பேனாவால் குட்டுகிறார்.

ஆசிரியர்கள் இந்தத் தடையை அப்படியே புறக்கணிக்கட்டும். வெள்ளைப் பூச்சுத் தோல் போட்ட ஒரு ஸ்னேர், ஒரு ஜோடி பிரஷ், நொடிக்கு ஒரு தட்டு, ஒரு முழுப் பாட்டு. மாணவன் வேகம் கூடாமல், வட்டம் அறுபடாமல் முடித்துக் காட்டட்டும். அதன்பிறகு அவன் கையில் ஸ்டிக்கைக் கொடுத்தால், எங்கே ஓங்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். கட்டுரையாளரும் வந்து அதே ஸ்னேர் முன்னால் உட்காரலாம். பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். முடித்துவிட்டு, இது கைவலு இல்லாதவர்களின் வேலை என்று அவர் மறுபடியும் எழுதினால், மறுப்பு எழுத நான் வரமாட்டேன்.