சேலைக்கு ஏது லைசென்ஸ்?

தென்னாற்காட்டில் பிறந்தவர்களுக்குப் பாரதக் கூத்தைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதை அம்மன் கோயில் திடலிலே பாயை விரித்து, பிள்ளைகளை மடியிலே கிடத்தி, விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள்தாம் நம்மவர்கள். விராட பருவத்தில் ஒரு கட்டம் வரும். கௌரவர் படை மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறது. இளவரசன் உத்தரன் மார்தட்டுகிறான்; ஆனால் தேர் ஓட்ட ஆளில்லை. கடிவாளத்தைக் கையில் எடுப்பது யார்? சேலை உடுத்தி, வளையல் பூட்டி, அந்தப்புரத்துப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து வந்த பிருகன்னளை! வில்லுக்கு விசயன் என்று பேர் வாங்கிய அர்ச்சுனனே அந்தக் கோலத்தில் ஓராண்டு இருந்தான் என்பது கதை.

கதை நடந்ததா, புனைந்ததா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. அந்தத் தேரை வழிமறித்து, "யாரடா நீ? ஆணா, பெண்ணா? இறங்கு கீழே!" என்று அதட்டிய காவலன் ஒருவனாவது அந்தப் பாரதத்திலே உண்டா?

இன்று அதே கோலத்தில் ஒருவர் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஸ்கூட்டரில் புறப்படட்டும். கூத்து முடிந்து வேடத்தைக் கலைக்க நேரமில்லாத கலைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது திருநங்கை. அல்லது, சேலை கட்டினால்தான் மனம் ஆறுகிறது என்று யாருக்கும் சொல்லாமல் வாழ்கிற ஓர் ஆண். அப்படியும் மனிதர்கள் உண்டு, தோழர்களே! ஆலப்பாக்கம் கடந்து, புதுச்சத்திரம் கடந்து, பு.முட்லூர் வந்து சேர்வதற்குள் டார்ச் விளக்கு ஒன்று முகத்தில் அடிக்கிறது. வண்டியை ஓரங்கட்டு என்கிறார்கள். லைசென்ஸ் கேட்கிறார்கள்; அது சரி. ஆர்.சி. புத்தகம் கேட்கிறார்கள், அதுவும் சரி. இன்சூரன்ஸ்? சரியே. எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகும் விடமாட்டோம் என்றால், மிச்சம் கேட்பது எதை? சேலைக்கு லைசென்சா?

மோட்டார் வாகனச் சட்டத்தை நாம் படித்துப் பார்த்திருக்கிறோம். சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது 130-ஆவது பிரிவு. தலையில் ஹெல்மெட் வேண்டும் என்கிறது 129-ஆவது பிரிவு. ஆட்டோ ஓட்டும் தோழருக்குக் காக்கிச் சட்டை வேண்டும் என்று விதி இருக்கிறது. சொந்த வண்டி ஓட்டுகிறவன் வேட்டி கட்ட வேண்டுமா, கைலி கட்ட வேண்டுமா, சேலை கட்ட வேண்டுமா என்று அந்தச் சட்டத்திலே ஒரு வரி கிடையாது.

உரிமத்தில் உள்ள படத்துக்கும் எதிரே நிற்கும் முகத்துக்கும் பொருத்தம் இல்லையே என்பார்கள். நியாயமான கேள்விதான். பெயரைக் கேள், பிறந்த நாளைக் கேள், உரிமத்து எண்ணைச் சரிபார். இன்று அதற்கு ஐந்து நிமிடம் போதும். இருட்டிலே நிறுத்திவைத்து, மார்பைத் தொட்டுப் பார்ப்பதும், கைப்பேசியில் படம் பிடிப்பதும், வீட்டு எண்ணைக் கேட்டு "அப்பனுக்குச் சொல்லட்டுமா?" என்று மிரட்டிச் சட்டைப்பையைத் தடவுவதும் எந்தச் சரிபார்ப்பில் சேர்த்தி?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் கொஞ்சம் கிளற வேண்டும்.

வெள்ளையன் போட்ட சட்டங்களிலே 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் தோழர்கள் அறிவார்கள். முழுச் சாதிகளையே திருடர் என்று பட்டியலிட்டு, கைரேகை வைக்கச் சொல்லி, இரவிலே ஊர் எல்லையைத் தாண்டவிடாமல் அடைத்த சட்டம். அந்தச் சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்ததைப் பலர் அறியார். அது அலிகள் என்று வெள்ளை அதிகாரி எழுதிவைத்தவர்களுக்கானது. அவர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சொத்துக் கணக்கு எடுக்க வேண்டும். பதிவேட்டில் உள்ளவர் பெண் உடையிலோ பெண் நகையிலோ பொதுத் தெருவில் காணப்பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம்; இரண்டாண்டு வரை சிறையில் தள்ளலாம். ஆடினாலும் குற்றம், பாடினாலும் குற்றம்! வடக்கே உள்ள மாகாணங்களில்தான் அதை வெறியோடு நடத்தினார்கள். 1911-இல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது அந்தப் பகுதி போய்விட்டது. விடுதலைக்குப் பின் சட்டமே போயிற்று. லத்தியின் ஞாபகம் மட்டும் போகவில்லை.

1884-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. கைராத்தி செய்தது என்ன? பெண் உடை உடுத்தித் தன் ஊரிலே, ஒரு வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பாட்டுப் பாடினார். அவ்வளவே. போலீஸ் பிடித்தது. டாக்டரை விட்டு உடம்பைச் சோதித்தது. கீழ்க் கோர்ட்டு 377-ஆவது பிரிவில் தண்டித்தது. எந்த நாள், எந்த இடம், யாரோடு குற்றம் நடந்தது என்று கேட்டபோது ஒன்றுக்கும் பதில் இல்லை. உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. செய்யும்போதே, இத்தகைய பழக்கங்களை ஒடுக்க அதிகாரிகள் முயன்றதைப் பாராட்டவும் செய்தது! விடுதலையும் கொடுத்து, பிடித்தவனுக்கு வெற்றிலை பாக்கும் கொடுத்த தீர்ப்பு. நூற்று முப்பதாண்டு கழித்து நம் உச்ச நீதிமன்றமே அந்த வழக்கை எடுத்துச் சொல்லி வருந்தியிருக்கிறது.

ஆம், 2014 ஏப்ரல் 15. நால்சா வழக்கு என்று பெயர் பெற்ற தீர்ப்பு. நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் சொன்னதன் சாரம் இதுதான்: தன் பாலினத்தைத் தன் உடையால், சொல்லால், நடையால் வெளிப்படுத்துவது அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதி தந்த கருத்துரிமையிலே அடங்கும். மேடையேறிப் பேச உனக்கும் எனக்கும் எந்த உரிமை துணை நிற்கிறதோ, அதே உரிமைதான் சேலைக்கும் துணை நிற்கிறது. 144 போட்டு நம் கூட்டத்தைத் தடுத்தபோது கொதித்தோமே, தோழர்களே, அதே கொதிப்பு இங்கே எங்கே போயிற்று?

தீர்ப்பு வந்ததே, சாலையில் நிலைமை மாறிற்றா என்றால், 2016 நவம்பரைப் பாருங்கள். சென்னை பாண்டி பஜார் காவல் நிலையத்தருகே, விடியற்காலையில், திருநங்கை ஒருவர் தீக்காயங்களோடு கிடந்தார், மருத்துவமனையில் உயிர்விட்டார். அதற்குச் சற்று முன் அவரைப் போலீசார் நிறுத்தியிருந்தார்கள். தன் வண்டிச் சாவியையும் கைப்பேசியையும் திருப்பிக் கொடுக்கும்படி அவர் கேட்கும் காட்சி நாடெங்கும் பரவிற்று. அவரே தீவைத்துக்கொண்டார் என்றது போலீஸ். நம்பமாட்டோம் என்று அவருடைய தோழியர் தெருவில் இறங்கினர். எது உண்மையானாலும், ஒரு வண்டிச் சாவியிலே தொடங்கியது ஓர் உயிரிலே முடிந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 2006-இல், வியாசர்பாடிப் பக்கம் திருட்டுச் சந்தேகம் என்று அழைத்துச் செல்லப்பட்ட ஒரு திருநங்கை, காவலர்களின் பாலியல் கொடுமை தாளாமல் தீக்குளித்து மாண்டார். சகோதரி ஜெயலட்சுமி வழக்குத் தொடுத்தார். 2007-இல் உயர்நீதிமன்றம் ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஐந்து லட்சம்! ஓர் உயிருக்கு அதுதான் விலை என்று நாம் சொல்லவில்லை. சர்க்கார் கஜானாவிலிருந்து பணம் போனதே, லத்தி பிடித்த கையிலிருந்து எத்தனை போயிற்று என்றுதான் கேட்கிறோம்.

இதெல்லாம் நம் நாட்டின் தனிப் பெருமை என்றும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தன் பாலுக்கு உரியதல்லாத உடையில் வெளியே வருவது 1863 முதல் 1974 வரை குற்றம். நம் தமிழர்களையும் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக ஏற்றிச் சென்ற கயானா நாட்டிலே, 2009 பிப்ரவரியில், பெண் உடை அணிந்தவர்களை ஜார்ஜ்டவுன் போலீசார் வளைத்துப் பிடித்தார்கள். கையில் இருந்த ஆயுதம் 1893-ஆம் ஆண்டு வெள்ளையன் சட்டம். பிடிபட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்பதாண்டுக்கு மேல் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார்கள். 2018 நவம்பரில் கரீபிய நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று கிழித்தெறிந்தது.

சரி, நம் ஊர்ப் போலீஸ் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். கடலூர்க்காரர்களுக்கு ஆல்பேட்டைச் சோதனைச் சாவடி தெரியும். புதுவையிலிருந்து சாராயம் வருகிறது, சோதிக்கத்தான் வேண்டும். வெயிலிலும் மழையிலும் நிற்கிற காவலரும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்தாம். அவரை நாம் பகைக்கவில்லை. "பெண் வேடம் போட்டுத் திருடர்கள் வருகிறார்களே" என்கிறார் அவர். வரலாம். ஆனால் காக்கி உடுத்திப் போலி சப்-இன்ஸ்பெக்டராக வந்து வழிப்பறி செய்தவன் பிடிபட்டான் என்ற செய்தி எத்தனை தடவை படித்திருக்கிறோம்? அதற்காகக் காக்கி கட்டியவரையெல்லாம் நிறுத்திச் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறோமா? ஏமாற்றினால்தான் ஆள்மாறாட்டம். எவரையும் ஏமாற்றாமல், தன் பெயரில் உள்ள உரிமத்தோடு, தன் வண்டியில் போகிறவர் யாரை மாற்றினார்?

வேடம் போட்டவரைக் கண்டு கைதட்டிய நாடு இது. டி.கே.சண்முகம் கிழவி வேடம் கட்டி ஔவையாராக மேடையேறினார். மக்கள் அவர் பெயரோடு அவ்வையைச் சேர்த்தே வைத்துவிட்டார்கள். சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. பெண் வேடத்தால் புகழ் பெற்ற ஓர் ஆணின் பெயரில் சாலை! அந்தச் சாலையிலே சேலை கட்டிய ஓர் ஆண் வண்டி ஓட்டிப் போனால் நிறுத்துவார்களாம். 1996-இல் கமல்ஹாசன் மாமி வேடம் போட்டபோது டிக்கெட் வாங்கி விழுந்து விழுந்து சிரித்தவர்களில், அன்று காக்கிக்குள் இருந்தவரும் உண்டு, நாமும் உண்டு.

நாமும் என்று சொன்னதைக் கவனியுங்கள். போலீசை மட்டும் பேசிவிட்டு நழுவ நமக்கு மனம் வரவில்லை. டீக்கடை பெஞ்சிலே, சிப்காட் வாசலிலே ஷிப்டு மாறும் நேரத்திலே, ஒரு திருநங்கை நடந்து போனால் எண்ணைச் சொல்லிக் கேலி செய்வது யார்? கட்சிக்காரன் அல்லவா? சோதனைச் சாவடியில் நின்று சிரிக்கும் கூட்டம் இல்லாவிட்டால் அதட்டுகிறவருக்குப் பாதி வீரம் போய்விடும். இந்த வரிகளை நாம் கோபத்தோடு எழுதவில்லை, வெட்கத்தோடு எழுதுகிறோம். கூவாகம் இருந்த பழைய தென்னாற்காட்டுக்குத் தலைநகரம் நம் கடலூர். சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே கொத்தட்டையில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. தாலி கட்டும் நாளில் ஊரே வேடிக்கை பார்க்கிறது. மறுநாள் அவர்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை.

இப்போது சட்டம் நம் பக்கம் இருப்பதைச் சொல்ல வேண்டும். 2021 ஜூன் 7-இல், சுஷ்மா வழக்கிலே, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவிட்டார். தமக்கு இந்த விஷயத்தில் அறிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்து தீர்ப்பெழுதிய நீதிபதி அவர். நீதிபதியே கற்றுக்கொள்ளக் கூசவில்லை. ஏட்டையா ஏன் கூச வேண்டும்? அந்த வழக்கின் பயனாக, 2022 பிப்ரவரியில், 1964-ஆம் ஆண்டுக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று புது விதி சேர்ந்தது. மாற்றுப் பாலினத்தவரையும், பால் புதுமையினரையும், அவர்களுக்காக உழைப்பவரையும் காவலர் எவரும் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறது அது. அதே விதியின் அடியிலே ஒரு விளக்கமும் ஒட்டியிருக்கிறது: சட்டப்படி விசாரிப்பது தொந்தரவு ஆகாது என்று.

அந்த விளக்கத்தின் சந்துக்குள்தான் பழைய பழக்கம் புகுந்துகொள்ளும். ஆகவே நம் கேள்வி எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும்: "எந்தப் பிரிவின் கீழ் விசாரணை, ஐயா?" ஒளிந்து திரிந்தான் என்று போடும் பழைய 109 சந்தேகக் கேஸ் என்பார்கள், 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அதற்கு எண் 128. விளக்கு எரிய, உரிமம் கையில் இருக்க, பொதுச் சாலையில் போகிறவர் எங்கே ஒளிந்தார்?

காவல் துறைக்குள்ளேயே விடை இருக்கிறது. பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை, 2015-இல் உயர்நீதிமன்றத்தில் வென்று, 2017-இல் சப்-இன்ஸ்பெக்டராகத் தருமபுரியில் பணியேற்றார். அவர் சோதனைச் சாவடியில் நின்றால், சல்யூட் வைக்க வேண்டியவர் இறங்கு கீழே என்பாரா?

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை நாம் கேட்பது அதிகமில்லை. ஆல்பேட்டையிலும் மற்றச் சாவடிகளிலும் 24-சி விதியைத் தமிழில் எழுதித் தொங்கவிடட்டும். இரவு ரோந்தில் நிற்பவர் பெயர்ப் பட்டையைச் சட்டைப்பையில் அல்ல, நெஞ்சில் குத்தியிருக்கட்டும். வண்டிச் சாவியைப் பிடுங்கினால் எந்தக் குற்றத்துக்கென்று சீட்டு எழுதிக் கொடுக்கட்டும்.

தோழர்களைக் கேட்பதும் அதிகமில்லை. இரவு ஷிப்டு முடிந்து வரும் வழியில் இப்படி ஒருவரை நிறுத்திவைத்திருக்கக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். கூச்சல் வேண்டாம், கை ஓங்கல் வேண்டாம், படம் பிடித்து அவர் முகத்தை ஊருக்குக் காட்டவும் வேண்டாம். எந்தப் பிரிவு என்று மட்டும் கேளுங்கள். நேரத்தையும் இடத்தையும் காவலர் எண்ணையும் குறித்துக்கொண்டு, அவர் வண்டியைக் கிளப்பிப் போகும் வரை அங்கேயே இருங்கள். குறிப்பை மறுநாள் காலை கட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மஞ்சக்குப்பத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போவது எங்கள் வேலை.