தேடியும் கிடைக்காத எம் தமிழ்

இல்ஃபோர்ட்டில் சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் கணினி தொடர்பான உதவிகளைச் செய்து வருகின்றேன். அண்மையில் மாணவி ஒருவர், தனது அம்மம்மாவின் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக அவ்வூரின் பெயரைத் தமிழில் தட்டெழுதி இணையத்தில் தேடினார். ஒரு வரைபடமும் சில மரண அறிவித்தல்களுமே கிடைத்தன. "அங்கிள், எங்கட ஊரைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையா?" என்று கேட்டார்.

எழுதியிருக்கின்றார்கள். அவ்வூர்ப் பெரியவர்கள் 2003 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைகள் ஓர் இணையத்தளத்தில் இன்றும் இருக்கின்றன. அத்தளத்தை அமைத்தவன் நானே. ஆகவே, பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை.

நான் செய்த முதலாவது தவறு எழுத்துரு. அக்காலத்தில் எம்மவர் பலரையும் போல நானும் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தினேன். அதில் 'தமிழ்' என்று எழுதினால், கணினியின் நினைவில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு என்பது அவற்றின் மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. மனிதக் கண் சட்டையைப் பார்க்கின்றது; தேடுபொறியோ உள்ளே இருப்பதையே வாசிக்கின்றது.

ஒருங்குறியில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும் வாசகர் பலரின் பழைய கணினிகளில் அது தெரியாதிருந்தமையால், பாமினியைத் தொடர்ந்ததற்கு அன்று நியாயம் இருந்தது. இன்று எந்தக் கைத்தொலைபேசியும் ஒருங்குறித் தமிழைக் காட்டுகின்றது. இன்னமும் மாற்றாதிருப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

இரண்டாவது தவறு, எழுத்தைப் படமாக்கியது. விழா மலர்களை ஒளிவருடிப் படங்களாக மட்டும் ஏற்றினேன். முகப்பை அசையும் ஃப்ளாஷ் காட்சியாக அமைத்தேன். அடோபி நிறுவனம் 2020 டிசம்பருடன் ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. இன்று அந்த முகப்பு வெறும் சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் வைத்த இணைப்புகளும் அதனுடன் மறைந்தன.

மூன்றாவது தவறு, எல்லாப் பக்கங்களுக்கும் 'நல்வரவு' என்ற ஒரே தலைப்பை இட்டது. அட்டைகள் யாவும் ஒன்றாக இருக்கும் நூலகத்தில் எந்த நூலை எடுப்பது? நான்காவது, தளத்தின் முகவரியை மாற்றியபோது, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தர வழிமாற்று அமைக்காதது. பிற தளங்கள் எமக்குத் தந்திருந்த இணைப்புகள் அனைத்தும் அன்றே அறுந்து போயின.

"எமது பிள்ளைகள் தமிழில் தேடுவதில்லையே" எனச் சிலர் கூறக்கூடும். தேடுகின்றவர்களுக்குக் கிடைக்காதபோது எவர்தான் மீண்டும் தேடுவார்? அத்துடன் ஊர்ப் பெயரையும் சிறு சுருக்கத்தையும் ஆங்கிலத்திலும் இட்டுவிட்டால், இரு வழியாலும் வருவோர் ஒரே பக்கத்தை வந்தடைவர். இன்றோ நாம் புதிதாக எழுதுவதையும் வட்சப் குழுக்களுக்குள் இட்டு விடுகின்றோம். தேடுபொறி அங்கே நுழையவே முடியாது. பழைய தவறின் புதிய வடிவம் இது.

அழிந்தவற்றைப் பற்றி நாம் நிறையவே பேசுகின்றோம். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தை மறக்க எவராலும் இயலாது. 2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்து வருகின்றது. ஆனால் எவரும் எரிக்காமலே, எமது கவனக்குறைவால் மட்டும், எம் எழுத்துகள் மறைந்து கிடப்பதை என்னவென்பது?

அன்பான பெற்றோர்களே, இளையோர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்தின் தளத்திலிருந்து ஒரு வரியைப் பிரதி செய்து தேடுபொறியில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக ஒட்டினாலோ, பிரதி செய்யவே இயலாவிட்டாலோ, உங்களுக்கும் வேலை இருக்கின்றது. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றும் வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும். பிழை திருத்தும் வேலையைப் பெற்றோர் ஏற்கட்டும்.

நாம் அந்த மாணவியுடன் இதனைத் தொடங்கிவிட்டோம். முதற் கட்டுரையை அவரே மாற்றினார்; அவருடைய அம்மம்மா வாசித்துத் திருத்தினார். அடுத்த முறை அவ்வூரின் பெயரைத் தேடுகின்ற பிள்ளைக்கு அவ்வூரின் கதையும் கிடைக்க வேண்டும்.