கடலுக்கு அப்பால் கொற்கை

கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட, பாண்டியரின் முத்துத் துறைமுகம் உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. அக்கரையின் வரலாற்றிலும் ஒரு பகுதி ஊரைவிட்டு அகன்று, அயல்நாட்டு நூலகங்களில் தங்கியிருக்கிறது.

அதைத் தேடிச் சென்றவருள் தனிநாயகம் அடிகள் குறிப்பிடத்தக்கவர். யாழ்ப்பாணத் தீவகத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்த அவர், உரோமில் சமயக்கல்வி பயின்றார். தமிழில் ஆழ்ந்ததோ அதன்பின், வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். இந்த வரிசை கருதத்தக்கது. தமிழைக் கற்றபின் மேற்கொண்ட பயணங்களே பயன் தந்தன. புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றிக் பாதிரியார் முத்துக்குளித்துறை மக்களுக்காக 1586இல் அச்சிட்ட ‘அடியார் வரலாறு’ போன்ற பழம்பதிப்புகளைப் பற்றி அவர் உலகறிய எழுதினார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை (1679) 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

அயல்நாட்டு ஏடு கிடைத்துவிட்டால் போதும் என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரேக்கர் ஒருவர் எழுதிய ‘செங்கடல் செலவு’ கொற்கையில் முத்தெடுப்போர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அகநானூற்றின் 350ஆம் பாடலோ, சுறாவை விலக்கி வலம்புரிக்கு மூழ்கிய பரதவரைக் கொற்கையே ஆரவாரத்துடன் எதிர்கொள்வதைக் காட்டுகிறது. ஒன்று வணிகன் கரையிலிருந்து கேட்டது. மற்றொன்று அத்தொழிலின் பெருமிதத்தை அறிந்தது. கிரேக்க நூலை மட்டும் படித்துத் திரும்பும் மாணவன் தன் ஊர் மக்களைக் கைதிகளாகவே எண்ணிக்கொள்வான்.

மேற்படிப்புக்குச் செல்வோர் புறப்படுமுன் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் முதிய குளியாளர் ஒருவரிடம் சில நாள் அமர்ந்து கேட்க வேண்டும். சிப்பி படியும் ‘பார்’ எங்கே, ‘நீவாடு’ என்னும் நீரோட்டம் எப்போது திரும்பும், கல் கட்டிய கயிற்றைப் பற்றி இறங்குபவன் மேலிருப்பவனுக்கு எவ்வாறு குறிப்புக் காட்டுவான் என்பவற்றை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அச்சொற்களை அறிந்தவருக்கே லிஸ்பனிலும் உரோமிலும் உள்ள ஏடுகள் பொருள் தரும். இதில் காலந்தாழ்த்த இயலாது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். புரொயென்சாவின் அகராதி மூன்று நூற்றாண்டுகள் நூலகத்தில் கிடந்தும் அழியவில்லை. அன்று இருபது வயதில் பாரில் இறங்கிய இளைஞரோ இன்று எண்பதைக் கடந்துவிட்டார்.