பெயிண்ட் அடித்தால் துரு போய்விடுமா?

காசிமேடு மீன்பிடி துறைமுகத்தில் விடியற்காலையிலேயே பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பெட்டி பெட்டியாக மீன் ஏறும். மீனுக்கு மேலே ஐஸ் ஏறும். வண்டி கிளம்பியதும் ஐஸ் உருகி வழி நெடுக ஒழுகும்.

ஒழுகுவது பச்சைத் தண்ணீர் அல்ல. உப்பும் மீன் ரத்தமும் கலந்த தண்ணீர்! பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி விடுவார். வண்டிக்கு அடியில் இருக்கும் சேசிஸ் எங்கே ஒதுங்கும்? தினமும் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது.

'குட்டி யானை' என்று ஜனங்கள் செல்லமாகக் கூப்பிடும் டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது 2005-ல். முதலில் வந்த வண்டிகளுக்கு 20 வயது ஆகிவிட்டது. நிஜ யானைக்கு வயதானால் முகத்தில் தெரியும். இந்த யானைக்கு வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் தெரியும்!

ஏணி உடைந்தால்...

சேசிஸ் என்பது ஏணி மாதிரி. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம். குறுக்கே படி மாதிரி சில சட்டங்கள். எஞ்சின், கேபின், பாடி, கமான் பட்டை, ஏற்றிய லோடு எல்லாம் அந்த ஏணியை நம்பித்தான் இருக்கின்றன.

கதவு உடைந்தால் கயிறு கட்டி ஓட்டலாம். சேசிஸ் உடைந்தால்? கமான் பட்டையைப் பிடித்திருக்கும் இடம் விட்டுப் போனால் ஆக்சில் ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டியரிங் டிரைவர் பேச்சைக் கேட்காது. பின்னால் மீன் கூடையோடு உட்கார்ந்து வரும் பெண்களும், லோடு இறக்கும் ஆட்களும்தான் முதலில் தூக்கி எறியப்படுவார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஏறுகிறார்கள் என்பது நடப்பு.

"லேசா பத்த வச்சுக் குடுங்க"

வெல்டிங் பட்டறைகளில் சகஜமாக நடக்கும் பேச்சு இது:

"அண்ணே, நாளைக்கு எஃப்.சி. காட்டணும். லேசா பத்த வச்சுக் குடுங்க, போதும்."

"தாங்காது தம்பி. உள்ளே பூரா போயிடுச்சு."

"ஒரு வருஷம் ஓடினாப் போதும்ணே. மேலே கறுப்பு அடிச்சு விடுங்க."

மறுநாள் வண்டி மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று போய் நிற்கும். எஃப்.சி. கிடைத்துவிட்டால் அடுத்த வருடம் வரை கவலை இல்லை!

கறுப்பு பெயிண்டும் தாரும் துருவைக் கொல்வதில்லை, மூடி வைக்கின்றன. உள்ளே சிக்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரும்பைத் தின்கிறது. வெல்டிங் கதையும் அதுதான். அரித்து மெலிந்த தகட்டில் பத்த வைத்தால் ஒட்டு நிற்கும். ஒட்டுக்குப் பக்கத்தில் விரியும்.

டிரைவரை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. டியூ கட்ட வேண்டும். டீசல் போட வேண்டும். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் தன் பிழைப்புக்காக அடுத்தவன் உயிரை அடகு வைக்கலாமா?

நல்ல வைத்தியம்

பழைய வண்டி என்றாலே காயலான் கடைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வெறும் விரிசல் என்றால் சரி செய்யலாம்.

விரிசல் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட வேண்டும். அப்போதுதான் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு விரிசலைப் பள்ளமாகச் செதுக்கி, அடி வரை பத்த வைக்க வேண்டும். மேலே கனமான தகடு கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். தகட்டின் முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் பாரம் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்து அங்கேயே மறுபடி விரியும்.

சட்டம் வளைந்த வண்டி என்றால் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் வண்டி நேராக ஓடும்.

துருவுக்கு மட்டும் சுத்தியல்தான் டாக்டர். தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை. அதற்கு வெல்டிங்கே கிடையாது! அந்தப் பகுதியை வெட்டி மாற்ற வேண்டும். முடியாவிட்டால் சேசிசையே மாற்ற வேண்டும். அதையும் ஆர்.டி.ஓ. அனுமதியோடு, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து மாற்ற வேண்டும். நம்பரை வெட்டி ஒட்டுகிற வேலை போலீஸ் ஸ்டேஷனில்தான் போய் முடியும்.

அமெரிக்காவிலும் உப்பு

அமெரிக்காவிலும் இதே தொல்லை வந்தது. அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பு தூவுகிறார்கள். டொயோட்டா கம்பெனியின் டகோமா பிக்கப் வண்டிகளில் சேசிஸ் துருப்பிடித்தது. 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு, துரு உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டுவதாக 2008-ல் கம்பெனி அறிவித்தது. மற்ற மாடல்களுக்காகவும் வண்டிக்காரர்கள் வழக்கு போட்டார்கள். 2016-ல் சமரசம் ஆயிற்று. சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதித்து, கெட்டுப் போனவற்றுக்குச் சேசிஸ் மாற்றித் தர கம்பெனி ஒப்புக்கொண்டது. யாரும் கறுப்பு பெயிண்ட் அடித்து அனுப்பி விடவில்லை!

சுத்தியல் எங்கே?

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. அதன் பிறகு வருடா வருடம். எஃப்.சி. இல்லாத வண்டி பதிவே இல்லாத வண்டிக்குச் சமம் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. சோதனையும் அப்படி இருக்க வேண்டாமா?

பிரேக்கையும் புகையையும் மெஷின் சொல்லிவிடும். பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும் துருவை மெஷின் சொல்லாது. 10 வயது தாண்டிய வண்டிகளை அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, தூக்கி நிறுத்தி, சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகே பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். புதுப் பெயிண்ட் வாடை அடித்தால் இன்னும் இரண்டு தட்டு கூடத் தட்ட வேண்டும்!

மீன் இறக்கிய ஒவ்வொரு வண்டியையும் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவுவதைக் கட்டாயமாக்கலாம். அதற்குக் குழாயும் வடிகாலும் இருந்தால் போதும். கோடிக்கணக்கில் செலவாகும் திட்டம் ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவருக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

ரோட்டில் நாலு பேர் விழுந்த பிறகு சேசிசைத் தூக்கிப் பார்த்து என்ன பிரயோஜனம்? சுத்தியலை இப்போதே கையில் எடுக்கட்டும்!