குடியை விட்டவருக்கு வேலை இருக்க வேண்டும்

“குடிச்சுட்டுக் கிடந்த ஆளை நம்பி எப்படிங்க மெஷினை ஒப்படைக்கிறது?” சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பும் ஊழியரைப் பற்றி ஆலைகளில் முதலில் எழும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் உண்டு. பக்கத்தில் நிற்பவரின் கைகால் சம்பந்தப்பட்டது. ஆனால், ‘ஆளை வீட்டுக்கு அனுப்புவதே பாதுகாப்பு’ என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

எந்த மெஷினைவிடவும் ஆபத்தானது விமானியின் இருக்கை. அமெரிக்க விமானிகள் சங்கம் 1970களில் முன்கை எடுக்க, விமான நிறுவனங்களும் அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் கைகோத்து ‘ஹிம்ஸ்’ என்ற திட்டத்தை உருவாக்கின. குடிக்கு அடிமையான விமானி உடனே பறப்பதிலிருந்து நிறுத்தப்படுவார். சிகிச்சை, மனநல மதிப்பீடு, சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும் பரிசோதனை, சக விமானியின் கண்காணிப்பு எல்லாவற்றிலும் தேறினால்தான் மறுபடி பறக்கலாம். பறக்கத் தொடங்கிய பிறகும் கண்காணிப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும். இப்படி ஆயிரக்கணக்கானோர் பணிக்குத் திரும்பியிருக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம் மட்டுமே இருந்தால் விமானி மறைப்பார், சகாக்களும் சேர்ந்து மறைப்பார்கள். திரும்பி வர வழி உண்டு என்று தெரிந்தால்தான் பேச்சு வெளியே வரும்.

நம் ஆலைகளிலும் அந்த மறைப்புதான் நடக்கிறது. நைட் ஷிப்டில் தள்ளாடுகிறவரை “நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்” என்று ஓரமாக அனுப்பும் நண்பர், அவருடைய சோற்றுக்கு வழி அடைபடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார். தண்டனையைக் கூட்டினால் இந்த மறைப்புதான் கூடும்.

“எப்படியும் திரும்பக் குடிப்பார்” என்பார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் சறுக்குவதாக ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆஸ்துமாவும் ரத்தக் கொதிப்பும் மீண்டும் தலைதூக்கும் அளவு இதைவிடக் குறைவில்லை என்றும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. பிரஷர் ஏறியதற்காக யாரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை, மருந்தை மாற்றுகிறோம்.

ஒழுக்கக்கேடு என்ற வாதத்துக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் நடவடிக்கை எடுக்கட்டும், எடுக்கத்தான் வேண்டும். சிகிச்சைக்கு லீவு கேட்பவர்மீது அது பாயக் கூடாது.

“நாங்க என்ன ஆஸ்பத்திரியா நடத்துறோம்?” இல்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. வைத்தியம் பார்க்க மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அவற்றில் ஒன்று. முதலாளி செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். சிகிச்சைக் காலத்துக்கு விடுப்பு வேண்டும். சாயங்காலம், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போக முடிகிற மாதிரி ஷிப்ட் வேண்டும். முதல் சில மாதங்களுக்கு ஆபத்தில்லாத வேறு பிரிவில் வேலை கொடுக்கலாம். பாட்டில் திறக்காமல் அலுவலக விருந்து நடக்கலாம். சறுக்கினால் என்ன செய்வது என்பதை, வேலைக்குத் திரும்பும் நாளிலேயே முதலாளியும் ஊழியரும் பேசி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் மனிதவள அதிகாரியின் பூட்டிய அலமாரிக்குள் இருக்க வேண்டும். கேன்டீன் பேச்சுக்கு அது வந்துவிட்டால், அடுத்து உதவி கேட்க நினைத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.