"இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க சேர்"

முள்ளிக்குளம், மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி உறவுகளுக்கு ஊர் ஆசிரியர்கள் நாம் எழுதுவது.

போன மாதம் பாடசாலை விட்ட பிறகு எமது மாணவி ஒருத்தியின் வாப்பா வந்தார். பொலித்தீன் பைக்குள் இருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். காணிக் கடிதம், முழுக்கச் சிங்களம். ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரவேண்டும் என்று போட்டிருந்த திகதி கடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "ஏன் முந்தியே கொண்டுவரல்ல?" என்று கேட்டோம். "மகள் படிக்கிற இடம் சேர், வெக்கமா இருந்திச்சு" என்றார்.

அந்த மனிதர் சிங்களம் நன்றாகப் பேசுவார். புத்தளம் சந்தையில் மூட்டை தூக்கிப் பழகிய சிங்களம் அது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து 75,000 அளவில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் ஐந்தாம் வகுப்பு. பிறகு உப்பளம், கற்பிட்டி வெங்காயத் தோட்டம். அகதி முகாமில் பாடசாலை இல்லாமல் இல்லை, ஆனால் அவர் வீட்டில் அன்றைய சோற்றுக்கு அவருடைய கூலியும் தேவைப்பட்டது. எங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள். எங்களைப் படிக்க வைத்தது இப்படி வகுப்பை விட்டுப் போன மூத்தவர்களின் உழைப்புத்தான். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மீள்குடியேற்றம் என்றதும் வீடு, கிணறு, வீதி, மின்சாரம் என்று எண்ணுகிறோம். இடையில் நின்றுபோன படிப்பை எந்தப் பட்டியலிலும் காணவில்லை. ஆனால் எமது மண் பறிபோவதும் திரும்பி வருவதும் தாளில்தானே நடக்கிறது? 2017 மார்ச் 24ஆம் திகதி மாவில்லு பேணற்காடு வர்த்தமானி வந்தது. எல்லை எந்த மரத்தடியால் போகிறது, யாருடைய தோட்டம் உள்ளே விழுகிறது என்று வாசித்துப் புரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர்? மரிச்சுக்கட்டியில் நாம் வீதிக்கு இறங்கிய அதே நாட்களில், 2007இல் இடம்பெயர்க்கப்பட்ட முள்ளிக்குளம் உறவுகள் கடற்படை முகாம் வாசலில் குந்தியிருந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கர் விடுவதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்குப் பிறகு தொடங்கியது கடித வேலை. அந்த வேலை நாலைந்து பேர் தலையில்தான் விழுந்தது.

இதில் எமது பிழையும் இருக்கிறது. படிவம் நிரப்பிக் கொடுப்பதைப் பெரிய சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரே ஆள் ஒரே படிவத்தோடு வருடா வருடம் வருகிறார், நாமும் வருடா வருடம் நிரப்புகிறோம். ஒரு நாளாவது பேனையை அவர் கையில் கொடுத்தோமா? கல்வியியற் கல்லூரியில் நாம் பழகியது பிள்ளைகளுக்குப் படிப்பிக்க. வாப்பாமாருக்குப் படிப்பிப்பதை இனித்தான் பழகவேண்டும்.

வலயக் கல்வி அலுவலகங்களில் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. தையலும் கேக் ஐசிங்கும் அதில் பெயர் பெற்றவை. தையலைக் குறை சொல்லவில்லை, அதால் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. ஆனால் அந்தத் தையல் மெசினுக்குக் கடன் எடுத்த ராத்தா, தான் கையெழுத்து வைத்த தாளில் வட்டி எவ்வளவு என்று வாசிக்க வேண்டாமா? கிழமைக்கொருமுறை காசு வாங்க வருபவன் சொல்வதுதான் கணக்கு என்று எத்தனை பேர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

"இந்த வயசில படிச்சு என்ன கிழிக்கப் போறம்" என்று கேட்கிறவர்களுக்குப் புதுக்கோட்டையைச் சொல்லலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைக்கிற பெண்கள் எழுத்துப் படித்தார்கள், பிறகு குழுவாகச் சேர்ந்து கல்குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். சைக்கிள் ஓடப் பழகியதும் அந்த இயக்கத்தோடுதான்.

எங்கள் வகுப்பு அனா ஆவன்னாவில் தொடங்கத் தேவையில்லை. காணி அனுமதிப்பத்திரம், வங்கிச் சீட்டு, கிளினிக் கொப்பி, இவைதான் பாடப்புத்தகம். சிங்கள எழுத்தும் வேண்டும். பேச்சு ஏற்கனவே இருப்பதால் எழுத்து சுணங்காமல் பிடிபடும். தமிழும் அரசகரும மொழிதான், கடிதத்தைத் தமிழில் தாருங்கள் என்று கேட்டு எழுதவும் பழகவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போட்டால் 14 வேலை நாட்களுக்குள் அதில் முடிவெடுக்கவேண்டும். எழுத இயலாதவர் வாயால் கேட்டாலும் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ளவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இடம் பாடசாலையாகவே இருக்கட்டும். பள்ளிவாசலில் வைத்தால் முள்ளிக்குளம் அக்காமார் வரத் தயங்குவார்கள், கோயிலில் வைத்தால் எங்கள் மாமிமார் தயங்குவார்கள். பெண்களுக்கு அஸருக்குப் பிறகு, ஆண்களுக்கு இஷாவுக்குப் பிறகு, கிழமையில் இரண்டு நாள். கடலுக்குப் போகிறவர்களும் வயலில் நிற்கிறவர்களும் தங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம். சம்பளம் கேட்கமாட்டோம். விளக்குக்கும் தேத்தண்ணிக்கும் ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த வாப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிந்திப்போன அந்தக் கடிதத்துக்கு மேன்முறையீடு எழுதுவதுதான் முதல் நாள் பாடம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் வாசிக்காத கடிதம் ஏதும் கிடந்தால் பையோடேயே எடுத்து வாருங்கள்.